மணிக்கூண்டு வீதியில் உச்சி வேளை

ஜனவரி 29, வியாழன்

கடைச் சாவி இன்று கைக்கு வந்தது. ஷட்டர் பாதி ஏறி அதோடு நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டுத் தள்ளிய பிறகுதான் மேலே போனது. உள்ளே புறா எச்சம், கால் உடைந்த ஸ்டூல், எந்த வருஷத்துக் காலண்டரோ ஒன்று. முன்பு ரேடியோ பழுது பார்க்கிற கடையாக இருந்ததாம்.

பஸ் ஸ்டாண்டை பைபாஸுக்குக் கொண்டுபோனதிலிருந்து மணிக்கூண்டு வீதி செத்துக் கிடக்கிறது. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது இங்கே யார் தோளிலும் இடிக்காமல் நடக்க முடியாது. இப்போது லாட்ஜ் பூட்டு, தியேட்டர் பூட்டு, ஜவுளிக்கடைகள் எல்லாம் பூட்டு. திறந்திருப்பது ஒயின்ஷாப்பும் வெங்கிடுபதி அண்ணனின் பாத்திரக்கடையும்தான். ஷட்டர் நிழலில் ஆட்கள் விழுந்து கிடப்பார்கள். பெண்கள் இந்தப் பக்கம் வருவதில்லை.

வீதியை மறுபடி எழுப்பவேண்டும் என்று வியாபாரிகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வெங்கிடுபதி அண்ணன்தான் தலைவர். துணிந்து கடை போடுகிறவர்களுக்கு ஒரு வருஷம் வாடகை கிடையாது என்று அறிவித்தார்கள். வந்தது நான் ஒருத்திதான். சாவியைக் கொடுக்கும்போது அண்ணன் மெதுவான குரலில் சொன்னார்: “மொதல்ல ஒரு அடுப்பு எரியோணுமுங்க, அம்மிணி. அப்புறம் ஊரு தானா வரும்.”

வீட்டில் இவருக்கு இதில் இஷ்டமில்லை. சாவியை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜை மேல் போட்டார், அவ்வளவுதான். மேஜைக் கண்ணாடி முன்னாலேயே விரிசல் விட்டிருந்தது.

பிப்ரவரி 2, திங்கள்

கடை திறந்தாயிற்று. இட்லி, தக்காளிச் சட்னி, சாம்பார், டீ. சௌமியா கோயமுத்தூரிலிருந்து காலையிலேயே போன் செய்தாள். நர்சிங் கடைசி வருஷம், லீவு கிடைக்காதாம். “டைரி எழுதறியாம்மா?” என்று கேட்டாள். அவள் வாங்கிக் கொடுத்ததுதான் இது.

குழுக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாருமில்லை. பத்து மணிக்கு மேல், விசில் சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் காலியான ரோட்டைப் பார்த்து விசில் ஊதி, “ரைட், ரைட்” என்று கையை அசைத்தார். பஸ் ஸ்டாண்டு இங்கே இருந்த காலத்தில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராம். பழனியப்பன் என்று பெயர். அவரோடு இருக்கும் செல்லக்கிளி மணிக்கூண்டுக்குக் கீழே பூக்கட்டி விற்கிறாள். “குடிச்சாத்தானுங்கக்கா பஸ்ஸு வரும் அவருக்கு. குடிக்காட்டி ரோடு காலின்னு தெரிஞ்சு போயிரும்” என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

மிஞ்சிய இட்லிகளை வாழையிலையில் வைத்து அவளிடம் கொடுத்தேன். ஷட்டர் ஓரத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பங்கு வைத்தாள்.

பிப்ரவரி 4, புதன்

வியாபாரம் இல்லை. மாவு புளித்துவிட்டது.

பிப்ரவரி 9, திங்கள்

மதியம் இவர் கடைக்கு வந்தார். ஒயின்ஷாப்புக்குத்தான் வந்திருக்கிறார், அங்கிருந்து என் கடை தெரிகிறது. கல்லாவில் கை வைத்தார். வேண்டாம் என்றேன். சாம்பார்க் குண்டான் கவிழ்ந்தது. காலில் கொஞ்சம் பட்டது. நல்லவேளை, அடுப்பை முன்பே அணைத்திருந்தேன்.

வெங்கிடுபதி அண்ணன் தன் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வரவில்லை. இவர் போன பிறகு ஒரு ஆளிடம் புதுக் குண்டான் கொடுத்தனுப்பினார். விலை கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

இவர் இப்படி இருந்தவர் இல்லை. விசைத்தறி பிட்டராக இருந்தபோது, இவர் கை பட்டால் தறி பாடும் என்பார்கள். தறியை எல்லாம் எடைக்குப் போட்ட பிறகு கைக்கு வேலையில்லாமல் போய்விட்டது. இதை எழுத உட்காரவில்லை. பாத்திரம் கழுவ வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஒரு நிலையான ஆர்டர் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் உச்சி வேளைக்குக் குழுவுக்குப் பெரிய பிளாஸ்க் நிறைய டீ. சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும் என்றார் அண்ணன். இன்று அவரே வந்து வாங்கிப் போனார். வீதியில் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கத்தானாம். நல்ல மனசு.

பிப்ரவரி 17, செவ்வாய்

மிஞ்சிய இட்லி இன்றும் மிஞ்சிவிட்டது. வாங்கிக்கொள்ள ஆள் குறைவு. லாட்ஜ் வாசலில் எப்போதும் கிடக்கும் கோட்டுக்காரரைக் காணோம். அவருடைய நாய் மட்டும் அதே இடத்தில், அவர் உடம்பு இருக்கிற மாதிரியே இடம் விட்டு, சுருண்டு படுத்திருக்கிறது. இட்லியைப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

பிப்ரவரி 24, செவ்வாய்

சனிக்கிழமையிலிருந்தே விசில் சத்தம் இல்லை. இன்றுதான் எனக்கு அது உறைத்தது.

செல்லக்கிளி வந்து, பழனியப்பனைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் அவள் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தாளாம், திரும்பி வந்தால் ஆள் இல்லை. வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றதாகவும், பழனியப்பனும் இன்னும் சிலரும் விருந்துக்குப் போகிற மாதிரி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு ஏறினதாகவும் ஒயின்ஷாப் ஆள் சொன்னானாம். போலீஸ் ஸ்டேஷனில், குடிகாரன் எங்கே போனான் என்று தேடவா முடியும் என்று கேட்டிருக்கிறார்கள்.

அண்ணனிடம் விசாரித்தேன். மலையடிவாரத்தில் ‘தெளிவகம்’ என்று ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கிறதாம், குழுதான் அதை நடத்துகிறது. “நல்லா ஆகி வருவாங்க அம்மிணி. அவங்களுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமுங்களா?” என்றார். அவருடைய தம்பி குடித்துக் குடித்து இதே மணிக்கூண்டு அடியில்தான் செத்துப்போனார். விடிந்து வெகுநேரம் வரை தூங்குகிறார் என்றே நினைத்துத் தாண்டிப் போனார்களாம். அதை அண்ணனே சொன்னார்.

செல்லக்கிளியிடம் விவரம் சொன்னேன். “என்கிட்டச் சொல்லாமயா?” என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 5, வியாழன்

பூட்டிய ஷட்டர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி ஆகாய நீலம் அடித்துவிட்டார்கள். வீதி நீளத்துக்கும் நீலம். இன்று மூன்று டீச்சர்கள் வந்து சாப்பிட்டார்கள், இந்த வீதியில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் வளையல் கடை வரப்போகிறது. மருந்துக் கடைக்கும் ஆள் கேட்கிறார்களாம்.

மதியம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பு அந்த நேரத்தில் யாராவது திட்டிக்கொண்டிருப்பார்கள், யாராவது பாடுவார்கள், வாந்தி எடுப்பார்கள். இப்போது அடுப்பில் பால் சுண்டுகிற சத்தம் எனக்கே கேட்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. மாவு வாளி தூக்கியதில் பிசகிவிட்டது. முழங்கைக்கு மேலேயும் வாளி பட்டிருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

வெங்கிடுபதி அண்ணன் டீ குடிக்க வந்தார். கையைப் பார்த்தார். “ஊட்டுக்காரரு எப்படி இருக்காருங்க?” என்று கேட்டார். இருக்கார் என்றேன். டம்ளரை வைத்துவிட்டு, “நாளைக்கு வெள்ளிக்கெழமைங்க” என்றார். நான் கொஞ்ச நேரம் சட்னியைக் கிளறிக்கொண்டிருந்தேன். பிறகு ஏதோ பேசினோம். வெயில் அதிகம்.

மார்ச் 13, வெள்ளி

இவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார். பனியன் கம்பெனியில் மெஷின் பார்க்க ஆள் வேண்டுமென்று யாரோ சொன்னார்களாம்.

மதியம் கடைக்கு வந்திருந்தார். டீயை நான் ஊற்றிக் கொடுக்கவில்லை. அண்ணன்தான் பிளாஸ்க்கைத் திறந்து கொடுத்தார். நான் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அதனால் வெளியே பார்க்கவில்லை.

இவருடைய செருப்பு கடை வாசலில் கிடந்தது. வேறு செருப்புப் போட்டுப் போயிருப்பார்.

மார்ச் 14, சனி

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 21, சனி

சௌமியா போனில் அப்பாவைக் கேட்டாள். திருப்பூர் என்றேன். எந்தக் கம்பெனி என்றாள். பெயர் மறந்துவிட்டது என்றேன். அப்பா போன் எடுக்கவே இல்லையே என்றாள். மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது.

வளையல் கடை திறந்துவிட்டது. கூட்டம் நன்றாக இருக்கிறது. தனியாகச் சமாளிக்க முடியவில்லை.

மார்ச் 30, திங்கள்

பழனியப்பன் வந்துவிட்டார்.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போது யாரோ வீதி கூட்டுகிற சத்தம். பச்சைச் சட்டை, மொட்டைத் தலை, சுத்தமாக மழித்த முகம். ஆளைத் தெரியவில்லை. கோட்டுக்காரரும் இன்னும் சிலரும் அதே பச்சைச் சட்டையில் வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இனி தினமும் காலையில் வேனில் கொண்டுவந்து சாயங்காலம் தெளிவகத்துக்கே கூட்டிப்போவார்களாம். துடைப்பங்கள் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பின. கோட்டுக்காரரின் நாய் ஓடி வந்தது, காலை மோந்தது, அப்படியே பின்னால் நகர்ந்து லாட்ஜ் சந்துக்குள் போய்விட்டது.

செல்லக்கிளி கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பழனியப்பன் கையைப் பிடித்தாள்.

“சொல்லுங்கம்மா” என்றார்.

“நான் கிளி. என்னத் தெரியலையா?”

“தெரியுதுங்கம்மா.”

“பின்ன ஏன் இப்படி நிக்கற? ஏதாச்சும் பேசு.”

“சரிங்கம்மா.”

அவ்வளவுதான் பேசினார். கையை அவளிடமிருந்து இழுக்கவும் இல்லை. அவள் விட்ட பிறகு அந்தக் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. யாரோ “கூட்டுப்பா” என்ற பிறகுதான் இறங்கியது.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு நீல ஷட்டருக்கு முன்னால் நிழலில் போய் நின்றார்கள். உட்காரவில்லை. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, உச்சி வெயில் சாயும்வரை நின்றார்கள். டீச்சர் ஒருவர், எவ்வளவு ஒழுக்கமாக ஆகிவிட்டார்கள் பாருங்கள் என்றார். நான் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்கள். சாப்பிடுங்க என்றேன். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் 3, வெள்ளி

பிளாஸ்க் கொடுத்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

சௌமியா வந்திருக்கிறாள். சொல்லாமல் வந்துவிட்டாள். திருப்பூரில் அப்பாவுக்குத் தெரிந்த எல்லோரிடமும் போனில் கேட்டிருக்கிறாள், யாருமே பார்க்கவில்லையாம்.

கடையில் எனக்கு ஒத்தாசையாக நின்றவள், பழனியப்பனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனாள். நெடுநேரம் திரும்பவில்லை. அவர் விரல் நடுங்குவதைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், நடக்கச் சொல்லிப் பார்த்தாள். வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கீழ்க்குரலில் சொன்னாள்: “இது திருந்தினது இல்லம்மா. மாத்திரை. மனநோய் வார்டுல ரொம்ப முடியாதவங்களுக்குக் கொடுக்கறது. அதுவும் இவ்வளவு கொடுக்க மாட்டாங்க. யாரும்மா அங்க டாக்டர்?”

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான்.

அப்போது அண்ணன் பிளாஸ்க்குக்காக வந்தார். பால் திரிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். பால் நன்றாகத்தான் இருந்தது.

“அப்பா அங்கயா இருக்காரு?” என்று கேட்டாள் சௌமியா. நான் பதில் சொல்வதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது.

ஏப்ரல் 11, சனி

கடை லீவு. நான், சௌமியா, செல்லக்கிளி மூவரும் டவுன் பஸ்ஸில் மலையடிவாரம் போனோம். நிறுத்தத்திலிருந்து சோளக்காட்டு வழியாக நடக்க வேண்டும். தெளிவகம் என்பது பழைய கோழிப்பண்ணை. நீள நீளமான தாழ்ந்த கொட்டகைகள், பக்கவாட்டில் கம்பி வலை. வெள்ளையடித்திருக்கிறார்கள். ஆனாலும் சுண்ணாம்பு வாடைக்குக் கீழே கோழி வாடை போகவில்லை. இவ்வளவு ஆட்கள் இருக்கிற இடத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. காக்கையும் இல்லை.

வலைக்கு அப்பால் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சௌமியா “அப்பா” என்று கூப்பிட்டாள். எல்லா மொட்டைத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. அத்தனை பேரில் இவரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. செல்லக்கிளிதான் கையைக் காட்டினாள்.

வெளியே கூட்டி வந்தார்கள். வெறுங்கால். சௌமியா இவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். இவர் என்னைப் பார்த்து, “வாங்கம்மா” என்றார். இத்தனை வருஷத்தில் என்னை நீங்க வாங்க என்று சொன்னதே இல்லை. ஏ புள்ள என்பார், இல்லாவிட்டால் மணி என்பார். சுகந்தாமணி என்று முழுப்பெயரைக்கூடச் சொன்னதில்லை.

பொறுப்பாளன் வாட்டசாட்டமான ஆள், மரியாதையாகத்தான் பேசினான். சௌமியா அவனிடம், யாரைக் கேட்டு என் அப்பாவைக் கொண்டு வந்தீர்கள், போலீசுக்குப் போவேன் என்றாள். அவன் புரியாமல் என்னைப் பார்த்தான்.

“உங்கம்மாதானுங்களே சொன்னது? பாத்திரக்கடைக்காரரு அப்படித்தானுங்க சொன்னாரு. அம்மிணியே கடையில இருந்து கை காட்டி விட்டாங்கன்னு.”

சௌமியா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இவரை அழைத்துக்கொண்டு வந்தோம். ஒரு மாத்திரை டப்பாவும் கொடுத்தார்கள், நிறுத்தினால் மூர்க்கமாகிவிடுவாராம். பஸ்ஸில் அவள் அப்பாவோடு முன்னால் உட்கார்ந்தாள். எனக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. பஸ் காலியாகத்தான் இருந்தது.

செல்லக்கிளி மற்றவர்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவர்களுக்கு யார் வருவார்கள்?

ஏப்ரல் 15, புதன்

சௌமியா காலேஜில் கெஞ்சி மே கடைசி வரை லீவு வாங்கிவிட்டாள். இவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம். அது வரை எந்த நேரத்தில் எவ்வளவு என்று அவளே கொடுக்கிறாள். டப்பாவை என்னிடம் தருவதில்லை.

வீட்டில் இவர் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். டிவியை அணைத்த பிறகும் அதையே பார்க்கிறார். சாம்பார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நல்லாருக்குங்க” என்றார். அதில் நான் உப்புப் போட மறந்திருந்தேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. எந்தப் பாத்திரமும் கீழே விழவில்லை. கதவு தட்டினால் நான் பணத்தை ஒளித்து வைக்க ஓடவில்லை. இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் சௌமியா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 22, புதன்

அண்ணன் வந்து பேசினார். கோபமே இல்லை. கலெக்டர் வரப்போகிறாராம், மே நாலாம் தேதி வீதிக்குத் திறப்பு விழா. முதல் கடைக்காரி என்று நான்தான் பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார். முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது.

மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். “ஒருத்தரையாச்சும் அடிச்சோமுங்களா, அம்மிணி? சோறு போடறோம், குளிக்க வெக்கறோம். என்ற தம்பிக்கு இப்படி ஒரு எடம் இருந்திருந்தா இன்னிக்கு உசுரோட இருப்பான்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை டீ இப்போது வேறெங்கிருந்தோ வருகிறது.

மே 2, சனி

காலையில் கடை திறக்கப் போனால் மணிக்கூண்டு அடியில் செல்லக்கிளியின் பூக்கூடை. தொடுத்துப் பாதியில் விட்ட சரம், நாரோடு, வெயிலில் வாடிக் கிடந்தது. ஆள் இல்லை.

நேற்று மதியம் அவள் குழு ஆபீஸ் முன்னால் நின்று சத்தம் போட்டாளாம். எல்லோரையும் விடுங்கள், இல்லாவிட்டால் கலெக்டர் காலில் விழுவேன் என்றாளாம். வளையல் கடைக்காரி சொன்னாள். சொல்லிவிட்டு, நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதீர்கள் அக்கா என்றாள்.

செல்லக்கிளி குடிக்கிறவள் இல்லை. ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை.

கூடையை உள்ளே எடுத்து வைத்துப் பூவுக்குத் தண்ணீர் தெளித்தேன்.

மே 4, திங்கள்

வீதி முழுக்கத் தோரணம். நீல ஷட்டர்களுக்கு முன்னால் பச்சைச் சட்டைக்காரர்கள் ஆளுக்கொரு பூந்தொட்டியை ஏந்திக்கொண்டு நின்றார்கள். கலெக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். ஒவ்வொருவரிடமும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே நடந்தார். நல்லாருக்குங்கம்மா, நல்லாருக்குங்கம்மா என்று வரிசையாக வந்தது, ஒரே குரல் மாதிரி. பாதி வரிசையில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டதைக் கவனித்தேன்.

என் பெயரைச் சொன்னார்கள். மேடை ஏறினேன். அண்ணன் சொல்லிக்கொடுத்தது முழுசாக ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“இங்க இருந்தவங்க திருந்தி வரலீங்க. டீயில மாத்திரை கலந்து கொண்டுபோனாங்க. அந்த டீ என்ற கடையில இருந்துதானுங்க போச்சு. மிச்சப் பேரு மலையடிவாரத்துல பழைய கோழிப்பண்ணையில இருக்காங்க. பூக்கட்டற செல்லக்கிளியும் இப்ப அங்கதான் இருக்கா. அவ குடிக்கறவளே இல்லீங்க. இப்பவே ஒரு டாக்டரைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க.”

மைக்கை யாரோ அணைத்தார்கள். அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். தொட்டியை ஏந்திய கைகள் ஏந்தியபடியே இருந்தன. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலெக்டர் இறங்கி நேராகக் காருக்குப் போனார். காரில் ஏறும்முன் பழனியப்பனிடம் நின்று, “அந்தத் தொட்டியைக் கீழே வைங்க ஐயா” என்றார். அவர் வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

சௌமியா கூட்டத்தில் நின்றிருந்தாள். நான் இவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்திருப்பாள்.

மே 9, சனி

தெளிவகத்துக்கு சீல் வைத்துவிட்டார்கள். எல்லோரையும் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். செல்லக்கிளியையும் கூட்டி வந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அவள் தலையை மழித்துவிட்டிருந்தார்கள். முக்காடு போட்டுக்கொண்டு பழனியப்பனின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள். வாய் கொஞ்சம் குழறுகிறது, சரியாகிவிடும் என்கிறார்கள். சிலரைக் கூட்டிப்போக வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஒருவருடைய மனைவி வந்து பார்த்துவிட்டு, அங்கேயே வைத்திருக்கக் கூடாதா என்று நர்ஸிடம் கேட்டாளாம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாத்திரக்கடை பூட்டு. அண்ணனை விசாரணைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

மே 18, திங்கள்

டீச்சர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். மருந்துக் கடைக்கு ஆள் வரவில்லை. வளையல் கடைக்காரி மட்டும் தாக்குப்பிடிக்கிறாள், என்னிடம் பேசுவதில்லை. குழுவில் மிஞ்சியவர்கள் என் கடைச் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். கட்டடம் நகராட்சியுடையது, அங்கே போய்ச் சொன்னேன். அங்கே ஒரு அம்மா, வாடகை கட்டினால் நீங்களே நடத்தலாம் என்றார். பஸ் ஸ்டாண்டின் பழைய காத்திருப்புக் கூடத்தில் பகலில் ஆட்கள் வந்து குளித்துச் சாப்பிட்டு டாக்டரைப் பார்த்துப் போக ஒரு இடம் திறக்கப்போகிறார்களாம், காலைப் பலகாரம் என்னால் தர முடியுமா என்றும் கேட்டார். முடியும் என்றேன். கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு இருக்குமா என்று கேட்டேன். கதவே இல்லையம்மா, கூடம்தானே என்றார்.

மே 26, செவ்வாய்

மாத்திரை முழுக்க நின்று ஒரு வாரம் ஆகிறது. இவர் மெதுவாக வருகிறார். நேற்று தானாகவே எழுந்து பல் விளக்கினார். மிக்ஸி ஓடாமல் நின்றபோது வாங்கித் திருப்பி, அடியைக் கழற்றிச் சரிசெய்தார். விரல் இன்னும் நடுங்குகிறது, ஆனால் திருகாணி எதையும் தவறவிடவில்லை. சௌமியா பார்த்துச் சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு நாளாயிற்று.

சாயங்காலம் சட்னியைத் தொட்டுவிட்டு, “காரம் பத்தல, மணி” என்றார். கையிலிருந்த கரண்டியை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. மேற்கொண்டு சாப்பிட்டார்.

மே 31, ஞாயிறு

நாளை சௌமியா கோயமுத்தூர் கிளம்புகிறாள். மதியம் மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். இவர் குடித்து இரண்டரை மாதம் ஆகிறது. கண் தெளிந்திருக்கிறது. தட்டில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, சும்மா பேசுகிற மாதிரி கேட்டார்.

“என்னை அங்க யாரு அனுப்புனது?”

சௌமியா சாப்பிடுவதை நிறுத்தினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதை எனக்கென்று விட்டுவைத்திருந்தாள்.

“குழுக்காரங்க எல்லாரையும் கொண்டுபோனாங்கல்ல, அப்படித்தான் உங்களையும்” என்றேன்.

இவர் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அடிக்க வருகிறபோது பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், அது இல்லை. மாத்திரையில் இருந்தபோது பார்த்த பார்வையும் இல்லை. இவரிடம் இதுவரை நான் கண்டிராத ஒன்று.

“சரிங்க” என்றார்.

எழுந்து கை கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். கதவை மெதுவாகச் சாத்தினார். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

சௌமியா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் சாப்பிட்ட இடத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது இது வரை நான்தான்.